பெயர் மாறினால் ஹுக்மு மாறுமா?



 



சென்ற ரமளானுக்குச் சற்று முந்திய ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கல்லூரியில் படிக்கும் வயதுடைய ஒரு வாலிபன் மிஹ்ராபுக்கு அருகே வந்து உட்கார்ந்தான். சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். கஞ்சா ஹராம்னு தெரியும். ஆனா இது கஞ்சாவே இல்லை. ஏதோ மூலிகைன்னுதான் பாக்கெட்டுல போட்டிருக்கு. பெங்களூருல கிடைக்குது. சட்டத்துல இதோட பேரே கிடையாதாம். கிதாபுலயும் இருக்காதே. அப்போ இது ஹராமா, மக்ரூஹா?" என்று கேட்டான்.

தப்பித்துக்கொள்ள ஓர் ஓட்டை தேடும் கேள்வி இது என்று கேட்டவுடனே புரிந்தது. ஆனாலும் முழுமனதோடு தப்பிக்க நினைப்பவன் பள்ளிவாசலுக்கு வந்தா வழி கேட்பான்? நெஞ்சில் ஏதோ உறுத்தியிருக்கிறது. அசருக்குள் ஓர் ஜனாஸாவுக்குப் போக வேண்டியிருந்ததால் அவனுக்குச் சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். பிறகு அவன் என் கண்ணில் படவில்லை. அவன் வீட்டிலும் இந்தப் பத்திரிகையை யாரேனும் வாசிக்கக்கூடும் என்ற நம்பிக்கையில், அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு பொருளின் மீது ஹுக்மு சொல்லுமுன் அந்தப் பொருள் இன்னதென்று விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது உஸூல் படித்த மாணவர்கள் யாவரும் அறிந்த விதி. ஆகவே முதலில் பொருளைப் பார்ப்போம்.

கஞ்சாச் செடியில் போதையை உண்டாக்கும் சத்து இன்னதென்று 1964ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அது மூளையில் எவ்விதம் வேலை செய்கிறது என்பதை ஆராய்வதற்காக, அதே இடத்தில் போய் ஒட்டக்கூடிய பொருட்களைப் பரிசோதனைக் கூடங்களில் செயற்கையாகச் செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் டபிள்யூ. ஹஃப்மன் என்ற ரசாயனப் பேராசிரியர் இப்படி நூற்றுக்கணக்கான பொருட்களைச் செய்தார். தம் பெயரின் முதலெழுத்துக்களோடு ஓர் எண்ணைச் சேர்த்து அவற்றுக்குப் பெயரிட்டார். ஜே.டபிள்யூ.எச்.-018 என்பது அவற்றில் ஒன்று. நோக்கம் மருத்துவ ஆராய்ச்சிதான். ஆனால் அவருடைய கண்டுபிடிப்பை வேறு சிலர் எடுத்துக்கொண்டு போய் வியாபாரமாக்கினார்கள். இதைப் புகைப்பது உயிரை வைத்துச் சூதாடுவதற்குச் சமம் என்ற கருத்தில் பின்னாளில் அவரே எச்சரிக்க நேர்ந்தது.

ஐரோப்பாவில் 'ஸ்பைஸ்' என்ற பெயரில் பளபளக்கும் சிறு உறைகளில் காய்ந்த இலைத்தூள் விற்றது. வீட்டில் சாம்பிராணி போல மணம் பரப்பும் சரக்கு என்றும், மனிதர் உட்கொள்ளத் தக்கதல்ல என்றும் உறையின் மேலேயே அச்சிட்டிருந்தார்கள். விற்றவனுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும், அது எதற்கென்று. 2008 டிசம்பரில் ஜெர்மனியில் சோதித்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. போதை தந்தது இலையல்ல. அதன் மேல் தெளித்திருந்த ஜே.டபிள்யூ.எச்.-018தான். 2009 ஜனவரியில் ஜெர்மானிய அரசு அதைத் தடை செய்தது. சில வாரங்களுக்குள் ஜே.டபிள்யூ.எச்.-073 என்ற வேறொன்றைத் தெளித்து அதே சரக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் இதுதான் அவர்கள் தந்திரம். பட்டியலில் ஒரு பெயர் ஏறியதும், மூலக்கூற்றில் ஒரு மூலையை மட்டும் மாற்றிப் புதுப்பெயரில் அனுப்புவார்கள். 2015ல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கைப் பட்டியலில் ஜே.டபிள்யூ.எச்.-018 ஏறியது. 2021 ஜூலை 1 முதல் சீன அரசு இந்த வர்க்கம் முழுவதையுமே தடை செய்தது. அந்தத் தடையின் வாசகத்துக்குள் அடங்காத புது அமைப்பு ஒன்று அதன் பிறகும் சந்தைக்கு வந்தது. இவ்விதம் உலகில் புதிதாக முளைத்த போதைப் பொருட்கள் 1,000க்கும் மேல் என்று ஐக்கிய நாடுகள் அலுவலகம் கணக்கிட்டிருக்கிறது.

இதன் ஆபத்தை நம் பகுதியாருக்கு விளக்குவது எளிது. டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் வேலை செய்த எவரையும் கேளுங்கள். ஸ்ப்ரே சீராக விழாவிட்டால் தோலில் ஓரிடம் வெளுத்தும் ஓரிடம் அழுத்தமாகவும் திட்டுத்திட்டாக நிற்கும். பழுத்த அனுபவசாலி, நல்ல இயந்திரத்தை வைத்துக்கொண்டு செய்யும் வேலையிலேயே இப்படி நேர்கிறது. எங்கோ ஒரு மறைவான அறையில், அளவும் தெரியாத ஒருவன் இலைக்குவியல் மேல் மருந்தைத் தெளித்தால் என்ன ஆகும்? ஒரு சிட்டிகையில் ஒன்றுமிராது. அதே உறையின் அடுத்த சிட்டிகையில் ஆளையே கொல்லும் அளவு இருக்கும். தோல் கெட்டால் கழித்துப் போட்டுவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. கஞ்சாவின் சத்து மூளையிலுள்ள பூட்டைப் பாதியளவுதான் திறக்கும் என்கிறார்கள். கஞ்சா தீமையற்றது என்று இதற்குப் பொருளல்ல. அதனால் புத்தி பேதலித்தவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இந்தச் செயற்கைச் சரக்குகளில் பெரும்பாலானவை அந்தப் பூட்டை முழுவதுமாகத் திறந்துவிடுகின்றன. வலிப்பு, நெஞ்சுப் படபடப்பு, சிறுநீரகக் கேடு, யாரோ துரத்துவதாக அலறுதல், மரணம் வரை போகிறது. 2016 ஜூலையில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரே நாளில் 33 பேர் நடைபாதையில் கண் திறந்தபடி, நினைவற்ற பிரேதங்களைப் போல் தள்ளாடினார்கள். 2018ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இந்தச் சரக்கில் எலி விஷம் கலந்திருந்ததால் 150க்கும் மேற்பட்டோர் மூக்கிலும் ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் ஒழுக மருத்துவமனைக்கு வந்தார்கள், சிலர் மௌத்தானார்கள். உறையின் மேல் 'மூலிகை' என்றுதான் போட்டிருந்திருக்கும்.

பொருள் இன்னதென்று தெரிந்துவிட்டது. இனி ஹுக்முக்கு வருவோம்.

மது ஹராமாக்கப்பட்ட காலத்தில் மதீனாவில் பெரும்பாலும் இருந்தது பேரீச்சம்பழ மது. பிறகு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று உரையாற்றும்போது, திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகிய ஐந்திலிருந்தும் மது செய்யப்படுவதைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு அந்த ஐந்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அறிவை எது மூடுகிறதோ அதுவே மது என்ற பொருளில் ஓர் அளவுகோலை வைத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. பட்டியல் ஐந்தோடு முடிந்திருந்தால் ஆறாவது ஒன்றைக் கண்டுபிடித்தவன் தப்பியிருப்பான். அளவுகோலை வைத்துவிட்டதால் கியாமத் நாள் வரை எவன் எதைக் கண்டுபிடித்தாலும் அது அந்த அளவுகோலுக்குள் வந்தே தீரும். போதை தரும் ஒவ்வொன்றும் ஹராம் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் தெளிவான தீர்ப்பு. உடலைத் தளரச் செய்து புலனை மழுங்கடிப்பதையும் அவர்கள் தடுத்ததாக அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிப்பதை அபூதாவூதில் காணலாம். தம் உம்மத்தில் சிலர் மதுவுக்கு வேறு பெயர் சூட்டிக்கொண்டு அருந்துவார்கள் என்று முன்னறிவிப்பும் செய்துவிட்டார்கள். 'மூலிகை', 'சாம்பிராணி' என்ற உறைகளைப் பார்க்கும்போது அந்த முன்னறிவிப்பை நினையாதிருக்க முடியவில்லை.

"கிதாபில் இல்லையே" என்று அந்த வாலிபன் கேட்டதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. கஞ்சாவே ஒரு காலத்தில் கிதாபில் இருந்ததில்லை! நான்கு இமாம்களின் காலத்தில் ஹஷீஷ் என்ற அந்தப் போதை முஸ்லிம்களிடையே பேசப்படவில்லை. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் கடைசியில், தாத்தாரியர் தலையெடுத்த காலத்தில்தான் அது மக்களிடையே பரவிற்று என்று இப்னு தைமிய்யா (ரஹ்) எழுதுகிறார்கள். அப்போதும் இதே வாதத்தோடு சிலர் வந்தார்கள்: இது இலைதானே, பிழிந்து புளிக்கவைத்த பானம் இல்லையே என்றார்கள். உலமாக்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். இமாம் கராஃபி (ரஹ்) இதை மதுவைப் போன்ற போதை என்பதா, புத்தியைக் கெடுப்பது என்பதா என்று நுட்பமாகப் பிரித்து விவாதித்தார்கள். இமாம் ஸர்கஷீ (ரஹ்) இதற்கென்றே ஒரு தனி நூல் எழுதினார்கள். தண்டனை எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஹராம் என்பதில் இல்லை. நம் ஹனஃபி மத்ஹபின் துர்ருல் முக்தாரில் ஹஷீஷையும் அபினையும் உண்பது ஹராம் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. மதரஸாவில் அந்த இடத்தை ஓதும்போது இது எந்தக் காலத்துக்கோ உள்ள மஸ்அலா என்று எண்ணி நான் வேகமாகத் தாண்டிப் போனவன்தான்.

புதியது எதுவானாலும் மௌலவிமார் ஹராம் என்பார்கள் என்று இளைஞர்கள் நினைத்துவிட வேண்டாம். 1511ல் மக்காவில் காப்பிக்கே தடை வந்தது. போதைப் பொருள் என்று சிலர் சாட்சி சொன்னார்கள். பிறகு உலமாக்கள் ஆராய்ந்து, இது அறிவை மூடவில்லை, மாறாக இரவு வணக்கத்துக்கு விழிப்பைத் தருகிறது என்று கண்டார்கள். ஆகுமென்ற கருத்தே நிலைபெற்றது. அதே அளவுகோல் காப்பியை விடுவித்தது, கஞ்சாவைப் பிடித்தது.

பெயர்ப் பட்டியலைத் துரத்தித் துரத்திக் களைத்துப்போன பிரிட்டிஷ் அரசாங்கம் 2016ல் ஒரு புதுச்சட்டம் கொண்டுவந்தது. பெயர் எதுவானாலும், மனத்தின் நிலையை மாற்றும் எந்தப் பொருளையும் விற்கக்கூடாது என்பது அதன் சாரம். உமர் (ரலி) அவர்களின் மிம்பருக்கு அருகே வந்துவிட்டார்களே என்று மகிழலாமென்றால், சாராயத்துக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள்!

சட்டத்தில் பெயரில்லை என்ற வாதத்துக்கும் நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்ட காலம் போய் குரோம் வந்தபோது, அந்தத் தண்ணீர் பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. செய்தவர்களில் நம்மவர்கள் பலர். அதை மறைப்பதில் பயனில்லை. கடைசியில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு விளையும் என்று முழுவதுமாக நிரூபணமாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேடில்லை என்று நிரூபிக்க வேண்டியது அந்தக் காரியத்தைச் செய்கிறவனே என்பது அத்தீர்ப்பின் முக்கிய அம்சம். சந்தேகமானதை விட்டுச் சந்தேகமற்றதன் பக்கம் போகும்படி நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களுக்குச் சொன்ன உபதேசத்தை அறிந்த நமக்கு அது புதிதாக இருந்திருக்கக்கூடாது. உறைக்குள் என்ன இருக்கிறதென்று விற்பவனுக்கே தெரியாத ஒன்றைப் பிள்ளைகள் நெஞ்சுக்குள் இழுக்கும்போது, ஹராம் என்று நிரூபியுங்கள் என்று நம்மிடம் கேட்பது தலைகீழான நியாயம்.

பெங்களூர்ச் சரக்குதானே என்று ஆறுதல் அடையவும் இடமில்லை. நம் தொழிலோடு சேர்ந்தே ஒன்று இருக்கிறது. ஷூ ஒட்டும் சொல்யூஷனில் டொலுயீன் போன்ற ரசாயனங்கள் கலந்திருக்கின்றன. அந்த வாடையைப் போதைக்காக இழுப்பவர்களில் சிறுவர்கள் அதிகம். 2019ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடையே விகிதம் கூடுதலாக இருந்த ஒரே போதை இதுதான். சிகிச்சை தேவைப்படும் சிறுவர்கள் நாடு முழுவதும் சுமார் 4,60,000 பேர். தொழிற்சாலையிலும் ஜாப்வொர்க் நடக்கும் வீடுகளிலும் அந்த டப்பாவை வேலை முடிந்ததும் பூட்டி வைக்கிறோமா? மதுவின் விஷயத்தில் குடிப்பவனை மட்டுமல்ல, பிழிந்தவன், சுமந்தவன், விற்றவன், அதன் கிரயத்தை உண்டவன் என்று பத்துப் பேரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். தெரிந்தே சிறுவன் கையில் சொல்யூஷன் விற்கும் கடைக்காரர் தம் கல்லாப்பெட்டியைத் திறக்கும்போது இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இதுவரை விற்பவன் மாற்றும் பெயரையும் வாலிபன் மாற்றும் பெயரையும் பேசினோம். வீடுகளில் நாம் மாற்றும் பெயர் ஒன்றும் இருக்கிறது. அந்த வாலிபன் கேள்வி கேட்டபோது என் நெஞ்சு திடுக்கிட்டதற்கு அதுவே காரணம்.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்தார். பத்தொன்பது வயதிருக்கும். கண் சிவந்திருந்தது, வாந்தி எடுத்திருந்தான், யாரோ தன்னைப் பிடிக்க வருவதாகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஹஜ்ரத், ஜின் கோளாறுன்னு சொல்றாங்க. ஓதிப் பாருங்க" என்றார் அந்த அம்மா. நான் ஆயத்துல் குர்ஸீயும் முஅவ்விதத்தைனும் ஓதித் தண்ணீரில் ஊதிக் கொடுத்தேன். ஓதியது தவறல்ல. அதோடு அனுப்பிவிட்டதுதான் தவறு. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நாற்பது நாட்களுக்குள் இரண்டு முறை வந்தார்கள்; இரண்டு முறையும் ஓதினேன். மூன்றாம் முறை வரவில்லை. வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே சிறுநீரைச் சோதித்ததில் கஞ்சா இல்லை என்று வந்ததாம். வழக்கமான சோதனையில் இந்தச் செயற்கைச் சரக்கு தெரியாது. விவரம் தெரிந்த ஒரு டாக்டர் பையனிடம் தனியே உட்கார்ந்து பேசிய பிறகுதான், நண்பன் கொண்டுவந்த உறை பற்றி வாயைத் திறந்திருக்கிறான். நான் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். தாய்க்கும் அரைகுறையாகத் தெரிந்தே இருந்திருக்கிறது. அடுத்த மாதம் மகளுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜின் என்றால் ஊரார் பரிதாபப்படுவார்கள். போதை என்றால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போய்விடுவார்கள்.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் அப்படிப் பெயர் மாற்றும்படி ஆக்கியது நாம்தான். மது அருந்தியதற்காக ஒரு மனிதர் நாயகம் (ஸல்) அவர்களிடம் பலமுறை கொண்டுவரப்பட்டார். அப்துல்லாஹ் என்று பெயர், நாயகத்தைச் சிரிக்கவைப்பவர். ஒரு தடவை தண்டனை முடிந்ததும் அங்கிருந்த ஒருவர் அவரைச் சபித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறினார்கள். புகாரியில் இருக்கிறது. தண்டனையும் உண்டு, விரட்டலும் இல்லை. நம் ஜமாஅத்துகளில் அவனை முதலில் விரட்டுகிறோம், பிறகு சீர்திருத்த மாநாடு போடுகிறோம்.

இன்னொரு பயம் போலீஸ் பற்றியது. மகனைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனால் வழக்காகிவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உபயோகித்த குற்றத்துக்கோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாகவே முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். விற்றவனுக்கு இது பொருந்தாது. நம் பகுதிக்கு வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. போதை மீட்புக்கான தேசியத் தொலைபேசி எண் 14446, கட்டணமில்லை. வலிப்போ மயக்கமோ நெஞ்சுவலியோ கண்டால் ஆலிமையும் தேட வேண்டாம், ஆலோசனையும் வேண்டாம், 108ஐ அழையுங்கள். டாக்டரிடம் எதைப் புகைத்தான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். உறை கிடைத்தால் அதையும் கொண்டுபோங்கள். ஓதுவதை ஆம்புலன்ஸில் உட்கார்ந்து ஓதலாம்.

அந்தப் பையன் பல மாதச் சிகிச்சைக்குப் பிறகு வீடு திரும்பினான். நடுவே ஒரு முறை வழுக்கி விழுந்து, மறுபடியும் சேர்க்க வேண்டியிருந்தது. அக்காவின் நிக்காஹ் தள்ளிப்போய், பிறகு வேறிடத்தில் நடந்தது. மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லித்தான் நடத்தினார்கள். இப்போது அவன் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறான். சொல்யூஷன் இல்லாத பிரிவாகப் பார்த்து அவன் மாமாதான் சேர்த்துவிட்டார்.

சில மாதங்களுக்கு முன் என்னைத் தேடி வந்து, "ஹஜ்ரத், புத்தி சரியில்லாம இருந்த அந்த நாளுங்க தொழுகையெல்லாம் மாஃபுதானே?" என்று கேட்டான். இல்லை, தம்பி என்றேன். நோயால் புத்தி தவறியவனுக்கு உள்ள சலுகை, தானே விரும்பி ஹராமான போதையை ஏற்றிக்கொண்டவனுக்கு நம் மத்ஹபில் கிடையாது. களா செய்தாக வேண்டும். எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணினோம். ஏறக்குறைய பதினான்கு மாதம் வந்தது. ஒவ்வொரு வக்தோடும் அதே வக்தின் ஒரு களாவைச் சேர்த்துத் தொழச் சொன்னேன். கம்பெனிக்கு எதிரிலுள்ள பள்ளியில் லுஹர் ஜமாஅத் முடிந்து மற்றவர்கள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போகும்போது, அவன் இன்னும் நான்கு ரக்அத்துக்குத் தக்பீர் கட்டுவதாக அந்தப் பள்ளி முஅத்தின் சொல்கிறார். கணக்குப்படி இன்னும் ஒன்பது மாதம் பாக்கி.